யுபிஐ பின் போட்டால் பணம் போகும், வராது

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒருவர் தன் பழைய பவர் டில்லரை விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு போட்டோ எடுத்து, விலை 45,000 என்று எழுதி, போன் நம்பரோடு ஃபேஸ்புக்கில் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் போன் வருகிறது.

"அண்ணே, நான் ஆர்மியில இருக்கேன். சொந்த ஊரு பட்டுக்கோட்டைதான். டில்லர் அப்பாவுக்கு வேணும். நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்குறேன். அட்வான்ஸா இப்பவே 5,000 போட்டு விடுறேன்."

வண்டியை நேரில் பார்க்கவில்லை. எஞ்சின் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. விலையில் ஐந்நூறு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. பேரம் பேசாமல் டில்லர் வாங்கிய விவசாயி டெல்டாவில் இருக்கிறாரா என்ன? அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் விற்கிறவருக்கு அந்த நேரத்தில் சந்தோஷம்தான் வரும், சந்தேகம் வராது.

அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு வருகிறது. "இதை ஜிபேல திறங்க அண்ணே, பணம் உங்க கணக்குல ஏறிடும்." திறக்கிறார். திரையில் முன்பின் தெரியாத ஒரு பெயர். அதற்குக் கீழே 5,000 என்ற தொகை, ஏற்கெனவே நிரப்பி வைத்தபடி. அதற்கும் கீழே 'செலுத்து' என்று ஒரு பெரிய பட்டன். அழுத்தினால் வங்கியின் பெயரோடு பின் நம்பர் கேட்கும் கட்டம் வருகிறது. அதற்குள் காதில் அவன் குரல்: "5,000ன்னு காட்டுதா அண்ணே? அதான், பின் போட்டு ஓகே குடுங்க, வந்துடும்."

போன் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'செலுத்து' என்றுதான் திரையில் இருந்தது. யாருக்குப் போகிறது என்ற பெயரும் இருந்தது. காதுக்கு ஓயாமல் வேலை கொடுத்ததால் கண் படிக்கவில்லை, அவ்வளவுதான். போனை வைக்கவிடாமல் பேசிக்கொண்டே இருப்பது இந்த ஆட்களின் முக்கியமான உத்தி.

சரி, பின் என்பது என்ன? பேங்க் கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் யார் வேண்டுமானாலும் செலான் எழுதிப் பணம் கட்டலாம், அதற்கு நீங்கள் வர வேண்டியதில்லை. ஆனால் பணத்தை வெளியே எடுக்க உங்கள் கையெழுத்து வேண்டும். யுபிஐ பின் என்பது அந்தக் கையெழுத்து. தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016-ல் யுபிஐயைக் கொண்டுவந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. நான்கு அல்லது ஆறு இலக்கப் பின். பணம் அனுப்ப வழக்கமாக அது வேண்டும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் அது வேண்டும். பணம் வாங்குவதற்கு அது தேவையே இல்லை.

நம்பிக்கை வராவிட்டால் டீக்கடையில் நின்று பாருங்கள். நீங்கள் 15 ரூபாய் அனுப்புகிறீர்கள், பின் போடுவது நீங்கள். மாஸ்டர் தன் போனைத் தொடுவதுகூட இல்லை. பணம் வந்துவிட்டது என்று ஸ்பீக்கர் டப்பா சொல்கிறது, அவர் பாட்டுக்கு அடுத்த டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறுகிறதே, அதற்கு நீங்கள் எந்த பட்டனை அழுத்தினீர்கள்? மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் வருகிறது, பிஎம் கிசான் 2,000 ரூபாய் தவணையாக வருகிறது. இதில் எதற்குமே பின் போட்டதில்லை. உள்ளே வரும் பணம் தானாக வரும்.

முன்பெல்லாம் 'பணம் கேட்கும் கோரிக்கை' என்று ஒன்றை யார் வேண்டுமானாலும் யாருக்கும் அனுப்பலாம். எதிராளி பின் போட்டால் அவர் பணம் இவருக்கு வந்துவிடும். இதை வைத்து நிறையப் பேரை ஏமாற்றியதால், தனிநபர் தனிநபரிடம் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் கடைகளின் பெயரில் வரும் கோரிக்கையும் க்யூஆர் கோடும் இன்னும் இருக்கின்றன. அதே போல 'ஆட்டோபே' என்று வந்தால் நின்று படியுங்கள். ஒரு தடவை பின் போட்டு ஒப்புக்கொண்டால் மாதாமாதம் தானாகவே பிடித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது பின்னுக்குப் பதிலாக விரல்ரேகையோ முகமோ காட்டும் வசதியும் சில ஆப்களில் வந்திருக்கிறது. விதி அதற்கும் ஒன்றுதான். விரலை வைத்தாலும் பணம் வெளியேதான் போகும்.

இதே திசைக் குழப்பத்தை வைத்து இன்னொரு ஏமாற்றும் உண்டு. "ஐயா, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய 10,000 ரூபாயை நம்பர் மாத்தி உங்களுக்குப் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று ஒரு பெண் அழுவாள். உங்கள் போனில் '10,000 ரூபாய் வரவு' என்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் இருக்கும். அந்த எஸ்எம்எஸ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சாதாரணப் பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வந்திருந்தால் அது வங்கி அனுப்பியது இல்லை. வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன பெயரில் வரும். அதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம், வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பணம் நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல், "உங்க பேங்க்ல சொல்லுங்க, அவங்க எடுத்துக்குவாங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள். இரக்கம் இல்லாதவர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து ஓடிபி, ஒரு தடவை மட்டும் பயன்படுத்த போனுக்கு வரும் ரகசிய எண். 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எல்லா இடத்திலும் எழுதிப் போடுகிறார்கள். இந்த அறிவுரை எனக்கு அவ்வளவு திருப்தியாக இல்லை. ஏனென்றால் அது நடைமுறையில் உடைந்துபோகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி டெலிவரி கோடு கேட்கிறார், சொல்லத்தான் வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு உட்கார்ந்திருக்கும்போது போனுக்கு ஒரு எண் வருகிறது, அதையும் சொல்கிறோம். வாரத்தில் இரண்டு தடவை ஓடிபி சொல்லிப் பழகிய அம்மாவிடம், 'யாரிடமும் சொல்லாதே' என்றால் அது காதில் ஏறாது.

அதைவிட இரண்டு கேள்விகளைப் பழக்கிவிடலாம். ஒன்று, இந்த எண் எதற்கு வந்தது? செய்தியை முழுதாகப் படித்தால் அதிலேயே இருக்கும். சிலிண்டர் டெலிவரிக்கு வந்த எண்ணில் சிலிண்டர் என்று இருக்கும். பணம் கழிக்க வந்த எண்ணில் தொகை இருக்கும். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணில் வாட்ஸ்அப் என்று இருக்கும். அதைச் சொன்னால் உங்கள் வாட்ஸ்அப்பே இன்னொருவன் கைக்குப் போய், உங்கள் பெயரில் உங்கள் மச்சானிடம் அவசரமாக 20,000 கேட்பான். இரண்டாவது, யார் யாரைத் தேடிப் போனது? நீங்களாக இ-சேவை மையத்துக்கு நடந்து போய் விண்ணப்பித்தது வேறு. "உரிமைத் தொகை ஆபீஸ்ல இருந்து பேசுறோம், உங்க பேர் லிஸ்ட்ல விட்டுப்போச்சு, இப்ப வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று அவர்களாக வருவது வேறு. சிலிண்டர் தம்பி வாசலில் சிலிண்டரோடு நிற்கிறார். இவன் எங்கே நிற்கிறான்?

ஆங்கிலத்தில் வந்த செய்தியைப் படிக்க முடியாதவர்கள் நம் வீடுகளில் நிறைய. அவர்களுக்கு ஒரே வழி, போனில் பேசுகிறவனிடம் "பையன் வந்ததும் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவது. நிஜமான எந்த அலுவலகமும் அதற்குக் கோபப்படாது.

இப்போது ஏபிகே. மேலே சொன்னவற்றில் நீங்கள் எதையாவது கொடுத்தால்தான் திருடனுக்கு வேலை நடக்கும். இதில் நீங்கள் வாய் திறக்க வேண்டியதே இல்லை, போனே சொல்லிவிடும்.

ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்பை நிறுவும் கோப்புக்குப் பெயர் ஏபிகே. நாம் வழக்கமாக பிளே ஸ்டோரிலிருந்து இறக்குவதால் அந்தக் கோப்பை நாம் பார்ப்பதில்லை. மோசடிக்காரர்கள் அதை நேராக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பிஎம் கிசான் பெயரில், வண்டி அபராதச் சலான் பெயரில், சில சமயம் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில். பார்க்க படமோ பிடிஎஃப்போ போல இருக்கும், ஆனால் பெயரின் கடைசியில் ஏபிகே (apk) என்ற மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். பத்திரிகைக்கு எதற்கு ஆப்?

அதைத் தொட்டால் என்ன ஆகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். முதலில் போனே தடுக்கும்: இது தெரியாத இடத்திலிருந்து வந்த ஆப், பாதுகாப்புக்காக நிறுவ அனுமதி இல்லை என்று. பிறகும் அமைப்புகளுக்குள் போய் அனுமதி கொடுத்தால்தான் உள்ளே ஏறும். ஏறியதும் கேட்கும்: எஸ்எம்எஸ் படிக்கவும் அனுப்பவும் அனுமதி வேண்டும், தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி வேண்டும். பயிர்த் தவணை காட்டுகிற ஆப்புக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை, 'அனுமதி, அனுமதி' என்று அழுத்திக்கொண்டே போகிறோம். கடைசியில் அரசு முத்திரையோடு ஒரு படிவம் வரும். பெயர், ஆதார் எண், ஏடிஎம் கார்டு எண், அதன் காலாவதித் தேதி. நிரப்பியதும் 'சர்வர் பிஸி, 24 மணி நேரம் கழித்துப் பார்க்கவும்' என்று வரும். அந்த 24 மணி நேரம் அவனுக்குத்தான். கார்டு விவரம் கையில் இருக்கிறது, வருகிற ஓடிபி எல்லாம் உங்களுக்குத் தெரியாமலே அவனுக்குப் போகிறது.

இதில் மோசமான பகுதி, அந்தக் கோப்பு பல நேரம் தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும். அவர் போனைப் பிடித்த ஆப் அவருடைய குரூப்புகளுக்கெல்லாம் தானே அதை அனுப்பியிருக்கும். விவசாயிகள் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் செயலாளர் நம்பரிலிருந்து வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அதனால் 'தெரியாதவர் அனுப்பினால் தொடாதே' என்பது இங்கே போதாது. ஏபிகே என்றால் யார் அனுப்பினாலும் தொடக்கூடாது. பிஎம் கிசானுக்கு உண்மையான ஆப் பிளே ஸ்டோரில் இருக்கிறது, அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம்.

தெரியாமல் நிறுவிவிட்டீர்களா? உடனே ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்து, சிம்மைக் கழற்றி, இன்னொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆப்பை நீக்குவது, போனை முழுதாக அழித்துப் புதிதாக்குவது எல்லாம் அப்புறம்.

வங்கி எண் வேண்டும் என்று அவசரத்தில் கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிவிடாதீர்கள், அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கிலும் ஏடிஎம் கார்டின் பின்பக்கமும் எண் இருக்கிறது. வங்கிகளின் இணையதள முகவரி 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் இறுதி வரை கெடு வைத்து மாற்றச் சொன்னது. முகவரியின் கடைசியைப் பார்ப்பதும் ஒரு நல்ல பழக்கம். திரையைப் பகிரச் சொல்கிற எனிடெஸ்க் போன்ற ஆப்களும் ஏபிகே மாதிரிதான் வேலை செய்யும். ஆப் நல்ல ஆப்தான், ஆனால் உங்கள் திரையை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மின் இணைப்பு இன்று இரவு துண்டிக்கப்படும் என்று வரும் மிரட்டல் எஸ்எம்எஸ் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் கொண்டுபோய்த்தான் விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் தெரிந்த ஒருவரைக்கூட வீழ்த்துகிற மோசடி ஒன்று இருக்கிறது, டிஜிட்டல் அரெஸ்ட். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி, பிள்ளைகள் வெளிநாட்டில். வாட்ஸ்அப் வீடியோவில் காக்கி உடுப்போடு ஒருவன் வருகிறான். உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் குற்றத்தில் சிக்கியிருக்கிறது, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, கேமராவை அணைக்கக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது, பேசினால் அவர்களும் வழக்கில் வருவார்கள் என்கிறான். கடைசியில், பணத்தைச் சரிபார்க்க 'அரசுக் கணக்குக்கு' மாற்றச் சொல்கிறான். இங்கே பின்னையும் ஓடிபியையும் பற்றிய அறிவு உதவாது. அவர்களே வங்கிக்கு நேரில் போய், மேலாளர் கேட்டால் மகனுக்கு அவசரம் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டு வருகிறார்கள். படித்தவர்கள், சட்டத்துக்குப் பயந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள் என்பது என் எண்ணம்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். போலீஸ் வீடியோ காலில் கைது செய்யாது, எந்தத் துறையும் விசாரணைக்காகப் பணத்தை மாற்றச் சொல்லாது. 'யாரிடமும் சொல்லாதே' என்பதில்தான் இந்த மோசடியின் உயிர் இருக்கிறது. ஆகவே தனியாக இருக்கும் பெற்றோருக்கு நீங்கள் சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுதான்: யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இளைஞர்கள் பக்கம் கதை வேறு. டெலிகிராமில் பகுதிநேர வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஆரம்பிக்கும். முதலில் சில நூறு ரூபாய் நிஜமாகவே வரும். பிறகு 'பெரிய டாஸ்க்'குக்கு நாம் பணம் கட்ட வேண்டும். திரையில் லாபம் ஏறும், எடுக்கப் போனால் வரி கட்டச் சொல்வார்கள். தெருவில் சீட்டு பிடிக்கிறவரிடம் ஏமாந்தால் வாசலில் போய் நிற்கவாவது முடியும்.

இன்னொன்று, கல்லூரிப் பையன்களிடம் "உன் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் குடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று கேட்பது. திருடிய பணத்தைக் கை மாற்றத்தான் அந்தக் கணக்கு. புகார் வந்ததும் முதலில் முடங்குவது அந்தப் பையனின் கணக்கு, போலீஸ் முதலில் வருவதும் அவன் வீட்டுக்குத்தான்.

வெளிநாட்டு வேலையும் இதில் சேர்கிறது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய்ப் பழகிய ஊர்கள் நம்முடையவை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, அங்கிருந்து மற்றவர்களை ஏமாற்றும் வேலை செய்யவைக்கிறார்கள். 2022-ல் அந்த எல்லையில் இருக்கும் மியாவடி என்ற ஊரிலிருந்து தமிழக இளைஞர்கள் சிலர் மீட்டு அழைத்து வரப்பட்டார்கள். நம்மிடம் போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களில் அப்படி அடைபட்டவரும் இருக்கலாம். ஏஜெண்டுக்குப் பணம் கட்டும் முன் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு செய்தவரா என்று பாருங்கள்.

பணம் போய்விட்டால்? அழுவதற்கும் திட்டுவதற்கும் முன்னால் 1930-க்குப் போன் செய்யுங்கள். அது நாடு முழுவதற்குமான சைபர் மோசடிப் புகார் எண். போன பணம் ஒரே கணக்கில் நிற்காது. ஒன்றிலிருந்து நாலு, நாலிலிருந்து பத்து என்று சிதறி, எங்கோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். அதற்கு முன் புகார் போய்ச் சேர்ந்தால், எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க முடியும். போன் செய்யும்போது கையில் இருக்க வேண்டியவை: பணம் போன தேதி, நேரம், தொகை, உங்கள் வங்கி, பரிவர்த்தனையின் குறிப்பு எண். ஜிபே, போன்பேயில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் 12 இலக்க எண் தெரியும், அதுதான். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் பதியலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். வாட்ஸ்அப் உரையாடலை வெறுப்பில் அழித்துவிட வேண்டாம், அது சாட்சி.

வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தப்பும் இல்லாமல் வங்கியின் தப்பும் இல்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை. பின்னையோ ஓடிபியையோ நாமே கொடுத்துப் போனது என்றால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம் தலையில். சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் தலையில். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை மறைத்து வைப்பதில் காசு நஷ்டமே இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களும் "உனக்கு அறிவு இல்லையா" என்று ஆரம்பிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

புகார் கொடுத்த பிறகு ஒரு போன் வரலாம். "சைபர் செல்லில் இருந்து பேசுறோம், உங்க பணத்தைப் பிடிச்சுட்டோம், விடுவிக்க 3,000 ரூபாய் கட்டணம் கட்டணும்." புகார் கொடுப்பதற்கும், நிறுத்திவைத்த பணத்தைத் திரும்ப வாங்குவதற்கும் எந்த அதிகாரியும் ஜிபேயில் கட்டணம் கேட்பதில்லை. சட்டப்படியான நடைமுறை வழியாகத்தான் அந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வரும். அப்படிக் கூப்பிட்டவனின் நம்பரையும் அதே புகார் எண்ணைச் சொல்லிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.